கார் யாரைப் பார்த்துக் கண்ணடித்தது?

மதியச் சாப்பாட்டு நேரம். அந்தப் பெண்மணி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார், உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரரோட கார் இன்னொருத்தியைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்றார்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். உள்ளே வேகவைத்த முட்டைக்கோஸ் இருந்தது. அதை மூடுவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்காதா என்று பத்து நிமிடமாகக் காத்திருந்தேன்.

எங்கள் துப்பறியும் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே துப்பறிவது என் மனைவி. இருபது வருஷம் கார் எலெக்ட்ரீஷியனாக இருந்தவள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பதால் ஊரில் அவளுக்கு டெஸ்டர் என்றே பெயர். ஒயர் பொய் சொல்வதில்லை, ஒயரை மாட்டின ஆள்தான் பொய் சொல்கிறான் என்று ஒரு நாள் அவளுக்குப் பட்டது. பட்டறையை மூடிவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். நான் அவள் உதவியாளன். பையைத் தூக்குவது, டார்ச் பிடிப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் என் வேலைகள். முதல் இரண்டில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டாள் டெஸ்டர்.

"இடது கண்ணு."

வந்தவர் சொன்ன கதை இது. அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவருடையதுதான். வீட்டுச் சண்டையைக்கூட அந்த ராகத்திலேயே சொன்னார். கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் காரில் எஞ்சின் ஓடும்போதெல்லாம், நல்ல வெயிலிலும், முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகள் தானாக எரியும். மெக்கானிக்குகள் அதை டி.ஆர்.எல். என்பார்கள். நாம் பகல் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் இருப்பதாகச் சொல்லிவிட்டு மாஸ்டர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தையல் கடைக்கு வருகிறார். வரும்போது இடது பகல் விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது. தையல்காரம்மா சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். மாஸ்டர் ஒரு பையோடு உள்ளே போகிறார். இத்தனையும் மாடியில் இருக்கும் அறிவிப்பாளர் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு நேராகவே நடக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது அவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நடைமேடையில் நிற்பது என்று ஆரம்பித்து, அடப்பாவி என்று முடித்துவிட்டார். மூன்றாம் நடைமேடையில் நின்ற டிரைவர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

தையல் கடை என்றதும் என் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. டெஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

கேட்டதற்கு மாஸ்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தாள். அது வெறும் லூஸ் கனெக்‌ஷன் என்று சொன்னாராம். கனெக்‌ஷன் என்ற வார்த்தையை ஒரு கணவன் எந்த நேரத்தில் வாயில் எடுக்கக் கூடாதோ, சரியாக அந்த நேரத்தில் எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மெக்கானிக்குகளிடம் ஓடி, ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டு மூன்று பல்பு வாங்கி மாட்டியிருக்கிறார். கார் கண்ணடிப்பதை நிறுத்தவில்லை. நாலாவது பல்பு வீட்டிலேயே கிடைத்தது.

"அதுகூடப் பரவாயில்லைங்க. போன வாரம் போன்ல பேசிட்டிருந்தாரு. 'லூஸ் விஷயம் வீட்ல தெரியவே கூடாது, தெரிஞ்சா என் மானம் போயிடும்'னு. யாருங்க லூஸு? பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ லூஸா?"

அந்தக் குரல் முதல் முறையாக ராகத்தை விட்டது. கேட்க எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

பெட்டி கட்டியாகிவிட்டது என்றார். மூன்றரைக்கு டியூட்டி ஏறுவார். நாலு மணி வண்டியை அறிவித்துவிட்டு, மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அதே வண்டியில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குள் உண்மை தெரிந்தால் சரி, தெரியாவிட்டாலும் வண்டி நிற்காது. நான் மணியைப் பார்த்தேன். ஒன்று இருபது.

கிளம்பும்போது டெஸ்டர் என்னைப் பார்த்து, "ஏங்க, அந்த காப்பிக் கலர் பேன்ட் போட்டுக்கலாம்ல? அதுலதான் பாக்கெட் பெருசு, ஒயர் வைக்கலாம்" என்றாள்.

துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னேன். அந்த பேன்ட்டின் தொடையில் டெஸ்டர் ஒரு நாள், ஒயரை ஈயம் வைத்து ஒட்டும் சூடான சால்டரிங் ராடை வைத்து ஓட்டை போட்டிருந்தாள். அதை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டரின் வீடு இரண்டு மாடி. கார் வாசலில், மூக்கைச் சுவரில் ஒட்டினாற்போல, மேல்மாடி பால்கனிக்கு நேர் கீழே நின்றது. மாஸ்டர் படியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த வேகத்தில் பேன்ட் இறங்கப் பார்த்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"பாருங்க, ஆறு மாசமா டயட்ல வச்சிருக்கேன். எப்படி இளைச்சிருக்காரு. இளைச்சதும் இளமை திரும்பிடுச்சு, புத்தி போயிடுச்சு" என்றார் அறிவிப்பாளர்.

டெஸ்டர் மாஸ்டரை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தாள். அவர் சட்டையின் பட்டன்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

இரண்டு பகல் விளக்கும் எரிந்தன. இடது பக்கம் மட்டும் ஒரு பொட்டு மங்கல். ஃபியூஸ் போயிருக்குமோ என்று கேட்டேன். உதவியாளன் என்றால் ஏதாவது கேட்க வேண்டும்.

"ரெண்டு விளக்குக்கும் ஒரே ஃபியூஸ்தான். போயிருந்தா ரெண்டும் படுத்திருக்கும். ஏங்க, பானெட்டைத் தூக்குங்க. ரெண்டு பல்பையும் கழட்டி இடம் மாத்திப் போடுங்க."

அவள் எனக்கு 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்பவர்கள், ஆகா எவ்வளவு மரியாதை என்பார்கள். பானெட்டைத் தூக்குவது யார் என்று அவர்கள் பார்ப்பதில்லை. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினேன். மங்கல் இடது பக்கத்திலேயே இருந்தது. ஆக, பல்பு நிரபராதி. மூன்று பல்பு வாங்கிய மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு டெஸ்டர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஹாரன் அடித்தாள், விளக்கு அசையவில்லை. வைப்பர், பிரேக், வலது இண்டிகேட்டர், எதற்கும் அசையவில்லை. இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

கார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே வெட்கமாகிவிட்டது. டிக் என்றால் வெள்ளை விளக்கு அணைகிறது, டக் என்றால் எரிகிறது. பக்கத்தில் எரிய வேண்டிய மஞ்சள் இண்டிகேட்டர் அரை உயிரோடு முனகிக்கொண்டிருந்தது. வெயிலில் அது யார் கண்ணிலும் படாது.

"அப்ப தையல் கடை முன்னாடி மட்டும் இல்ல" என்றாள் டெஸ்டர். "இடது பக்கம் திரும்புற எல்லா இடத்துலயும் கண்ணடிச்சிருக்கு. நீங்க பார்த்தது அந்த ஒரு இடத்துலதான். உங்க வீட்டுக்காரர் பண்ணின ஒரே தப்பு, ஊர்ல யாரும் பண்ணாததைப் பண்ணினது. ஒழுங்கா இண்டிகேட்டர் போட்டுருக்காரு."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கள் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொள்வார்கள்.

டெஸ்டர் பையிலிருந்து நீள ஒயர் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை இடது விளக்கிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் எர்த்திலும் மறு முனையை பேட்டரியின் மைனஸிலும் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அந்த நொடியே வெள்ளை விளக்கு பளிச்சென்று நிலைத்தது, மஞ்சள் விளக்கு எழுந்து உட்கார்ந்து சிமிட்டியது. ஒயரை எடுத்தேன், மறுபடி கண்ணடித்தது. வைத்தேன், யோக்கியமாகிவிட்டது. இரண்டு மூன்று தடவை எடுத்து வைத்து விளையாடினேன்.

"போதுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். பகல் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே எர்த் போல்ட்டை நம்பிக் குடும்பம் நடத்துகின்றன. போல்ட் நன்றாக இருந்தால் இரண்டும் எரியும். அது கெட்டுப்போனால், ஒன்று எரியும்போது மற்றதற்குக் கரண்ட் போக வழியில்லை. பெரிய விளக்கான இண்டிகேட்டர் மூச்சு விடும்போதெல்லாம் சின்ன விளக்கான பகல் விளக்கு மூச்சை அடக்க வேண்டியதுதான்.

விளக்குக்குப் பின்னால் கையை விட்டு அந்த போல்ட்டைக் கழற்றினாள். முழுக்கத் துரு. அதன் மேல் வெள்ளையாக ஒரு படிவம். டெஸ்டர் அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏங்க, கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க."

"வேலைக்குச் சேரும்போது இதைச் சொல்லவே இல்லையே."

"கல்யாணத்துக்கு அப்புறம்தானே வேலைக்குச் சேர்ந்தீங்க. அப்பவே யோசிச்சிருக்கணும்."

வைத்துப் பார்த்தேன். உப்பு. டெஸ்டர் போட்ட டயட்டில் ஆறு மாதம் உப்பில்லாத முட்டைக்கோஸ் தின்ற நாக்குக்கு அது அவ்வளவு மோசமாக இல்லை. அதை மட்டும் நான் வெளியே சொல்லவில்லை.

டெஸ்டர் அண்ணாந்து பால்கனியைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் இருந்த தொட்டிகளைப் பார்த்தாள். வரிசையாக ஆறு செடி, ஐந்து பச்சை. காரின் இடது மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் குச்சியாகக் காய்ந்து நின்றது.

"காலையில தொண்டைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று அறிவிப்பாளரைக் கேட்டாள்.

அவர் பெருமையாகவே சொன்னார். குரல்தான் அவருக்குச் சோறு. அதனால் விடிந்ததும் ஒரு சொம்பு வெந்நீரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கால் மணி நேரம் கொப்பளிப்பார். பால்கனியில் நின்றுதான். கொப்பளித்ததை, என்று சொல்ல ஆரம்பித்தவர், கீழே காரைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"கண்ணடிக்க வச்சது நீங்கதாம்மா" என்றாள் டெஸ்டர்.

மாஸ்டர் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார். பேன்ட்டைப் பிடித்துக்கொண்டுதான்.

அத்தோடு கேஸ் முடிந்தது என்று நான் பையைத் தூக்கினேன். ஆனால் அறிவிப்பாளர் லேசுப்பட்ட ஆள் இல்லை. உப்பு தன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன் என்றார். இண்டிகேட்டர் யாருடையது? ஆபீஸில் இருப்பதாகச் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தக் கடைக்கு ஏன் வண்டியைத் திருப்பினார்? வீட்டில் தெரியக் கூடாத லூஸ் யார்? மூன்றையும் மாஸ்டரின் முகத்துக்கு நேரே கேட்டார். மாஸ்டர் பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். அறிவிப்பாளர் பெட்டியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அப்போது மணி மூன்று பத்து.

டெஸ்டர் போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கி மாட்டினாள். அந்தத் தாளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதைச் சொல்லி நான் சிரித்தேன், வேறு யாரும் சிரிக்கவில்லை. சரியாக நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காரைத் தையல் கடைப் பக்கம் ஓட்டிவரும்படி மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, "வாங்க, நம்ம முன்னாடி கடைக்குப் போவோம்" என்றாள்.

எனக்குத் துணித் தூசி ஒத்துக்கொள்ளாது என்றேன். நேற்று வரை ஒத்துக்கொண்டதே என்றாள். வெளியே நின்று காவல் காக்கிறேன் என்றேன். யாரிடமிருந்து என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தையல்காரம்மா கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வந்தார். நான் டெஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினேன். அவர் குண்டூசிகளை மென்றுகொண்டு நிறுத்திவிட்டார்.

மாஸ்டர் எதற்கு வருகிறார் என்று டெஸ்டர் கேட்டாள். தையல்காரம்மா அளவு நோட்டை எடுத்துத் தன் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர் சொல்வாரா? வக்கீல் சொல்வாரா? அளவு எடுத்தவளும் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

டெஸ்டர் வற்புறுத்தவில்லை. சுவரில் தொங்கிய அட்டையைப் படித்தாள். ஆல்டரேஷன் செவ்வாய் மட்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே கம்பியில் ஆண்கள் பேன்ட்டாக வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. லூஸ் 1, லூஸ் 2, லூஸ் 3.

டெஸ்டர் இரண்டாம் நம்பரை எடுத்துப் பின் இடுப்பைத் திருப்பினாள். தையல் மூன்று தடவை பிரித்து விடப்பட்டிருந்தது. உள்ளே மடித்து விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோய், நடுவில் வேறு துணியில் ஒரு முக்கோணம் ஒட்டுப் போட்டிருந்தது. பாக்கெட்டில் கையை விட்டாள். பழகுபவர்களின் காரில் ஒட்டும் எல் எழுத்து ஸ்டிக்கர் வந்தது.

"சட்டை பட்டன் தெறிக்குது, பேன்ட் மட்டும் நழுவுது. ஒரே ஆள் மேல் பாதி பெருத்து, கீழ் பாதி இளைப்பானா? வீட்லயே சந்தேகப்பட்டேன்" என்றாள் டெஸ்டர்.

தையல்காரம்மா பெருமூச்சு விட்டார். நோட்டைக் காட்டவில்லை, ஆனால் பொதுவாக ஒரு விஷயம் சொன்னார். ஊரில் இப்போது எல்லா வீட்டிலும் டயட். ஆண்கள் இளைக்கவில்லை. இளைத்த மாதிரி தெரிய வேண்டும் என்று பேன்ட்டைக் கொண்டுவந்து பிரித்துவிடச் சொல்கிறார்கள். பெயரைப் போட்டால் மானம் போகுமாம், அதனால் நம்பர். போனில் பேசும்போது லூஸ் விஷயம் என்றுதான் பேச்சு.

டெஸ்டர் அந்த பேன்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கம்பியோரமாக இன்னும் கொஞ்சம் நடந்தாள். இன்னும் எதையோ எடுத்துப் பையில் போட்டாள். நான் அந்த நேரத்தில் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ஐம்பதுக்கு அறிவிப்பாளர் அறையில் இருந்தோம். பெட்டி கதவருகே தயாராக நின்றது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் கார் நேராக எங்களை நோக்கி வந்தது. தையல் கடை நெருங்கியது. இடது பக்கம் மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று சிமிட்டியது. வெள்ளை விளக்கு அசையாமல் எரிந்தது.

"கண்ணடிக்கல" என்றார் அறிவிப்பாளர், மெதுவாக.

மாஸ்டர் படியேறி வருவதற்குள் டெஸ்டர் இரண்டாம் நம்பர் பேன்ட்டை மேஜை மேல் விரித்தாள். மூச்சு வாங்க உள்ளே வந்தவர் அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"லூஸ்னு சொன்னது உன்னை இல்லம்மா. அதைத்தான்" என்றார்.

மீதி தானாக வந்தது. அவரிடம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கும் ஒவ்வொருவரும் நன்றிக்கு ஒரு கேக் கொண்டுவருகிறார்கள். அவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர். ஒருவர்கூட ஃபெயில் ஆவதில்லை. மனைவி மாசாமாசம் பேன்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதைப் பார்த்துப் பார்த்து, உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

அறிவிப்பாளர் அந்த முக்கோண ஒட்டை விரலால் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆறு மாசமா நானும் அந்தக் கோஸைத்தான் தின்னேன். நீங்க தனியா தின்னா கஷ்டமா இருக்குமேன்னு. ஒரு துண்டு கேக் எனக்கும் எடுத்துட்டு வரணும்னு தோணலையா?"

மாஸ்டர் கையில் வைத்திருந்த பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். காலையில் ஒரு பெண் லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். கேக் முழுசாக இருந்தது, ஓரத்தில்கூடக் கை வைக்கவில்லை. அதைப் பார்த்து அறிவிப்பாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி. அவர் மைக்கை இழுத்துத் தொண்டையைச் செருமினார்.

"பயணிகள் கவனத்திற்கு. நான்கு மணி வண்டி இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது. அதில் ஜன்னலோரம் ஓர் இருக்கை காலியாக உள்ளது. லூஸ் நம்பர் இரண்டு உடனடியாக மாடியில் உள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

நிலையம் முழுக்கக் கேட்டது. கீழே நடைமேடைகளில் நின்ற ஆண்களில் நாலைந்து பேர் சட்டென்று பேன்ட்டைப் பிடித்துக்கொண்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் இடுப்புமாக இறங்கிப் போனார். அவ்வளவு சந்தோஷமாகப் பெட்டி தூக்கிய மனிதரை நான் பார்த்ததில்லை.

கேஸ் முடிந்த நிம்மதியில் நான் சீட்டியடித்துக்கொண்டே எங்கள் வண்டிக்கு வந்தேன். டெஸ்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து எதையோ எடுத்து மடியில் விரித்தாள். காப்பிக் கலர். தொடையில் சால்டரிங் ராட் வைத்த ஓட்டை. இடுப்பில் புதுத் தையல், அதில் குத்தியிருந்த சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

துவைக்கப் போட்டிருந்தேன் என்று மறுபடி சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"ஏறுங்க, லூஸ் நாலு" என்றாள்.

ஏறினேன். சீட் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.